அப்பாவின் பாக்கி நோட்டும் மாடி அறையின் 160 படங்களும்

வாசகர் கேள்வி:

"ஐயா, வணக்கம். கும்பகோணத்தில் என் அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருந்தார். ஓவியக் கல்லூரி மாணவர்களும் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர்களும்தான் முக்கியமான வாடிக்கையாளர்கள். கடையின் முன்பக்கக் கூடத்தில் அவர்களுடைய படங்களை மாட்டி வைப்பார், அவ்வப்போது ஒன்றிரண்டு விற்கும். அவர் காசு கொடுத்து வாங்கியவை, அவர்கள் அன்பாகக் கொடுத்தவை, பிரேம் போடக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராதவர்கள் விட்டுப்போனவை என்று மாடி அறையில் 160 படங்கள் சேர்ந்திருக்கின்றன. எண்ணெய் ஓவியம், வாட்டர் கலர், பேனா மையில் வரைந்தவை, பாத்திக் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய) துணிகள், ஐந்தாறு தஞ்சாவூர் ஓவியங்கள் என எல்லாம் உண்டு. அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. 12க்கு 20 அடி உள்ள அந்தக் கூடத்தையே சின்னக் கலைக்கூடமாக வைத்து, இந்தப் படங்களை ஊர் மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஆனால் பாதிக்கு மேல் யார் வரைந்தது என்றே தெரியவில்லை. சிலவற்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. எதை மாட்டுவது, யாரிடம் அனுமதி வாங்குவது என்று குழப்பமாக இருக்கிறது. மொத்தமாக யாருக்காவது விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகளே ஒரு மூட்டை கிடக்கிறது, அதையாவது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போட்டு அறையில் இடம் பண்ணலாம் என்று பார்க்கிறோம். ஒரு வழி சொல்லுங்கள்."

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

அந்த நோட்டு மூட்டையைத் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். இன்றே கீழே இறக்கி, ஈரம் படாத அலமாரியில் வைத்துவிட்டு மேலே படியுங்கள். நான் சொல்லப்போவதில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக்கூடாது. மாடியில் இருக்கும் 160 படங்களுக்கும் அந்த நோட்டுகள்தான் சாவி.

பிரேம் கடைக் கணக்கு நோட்டில் என்ன இருக்கும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தேதி, பெயர், படத்தின் அளவு அங்குலத்தில், என்ன பீடிங் (சட்ட மரம்), கண்ணாடி உண்டா, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) என்ன நிறம், மொத்தம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு. இருபத்தெட்டு வருடம் அருங்காட்சியகங்களின் சேமிப்பறைகளில் வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு விவரமான வரவுப் பதிவு பெரிய நிறுவனங்களில்கூட எப்போதும் இருக்காது. ஒரு படத்தை எடுத்து, பிரேமுக்குள் தெரியும் அளவையும் பீடிங்கையும் மவுண்ட் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நோட்டில் தேடுங்கள். 18க்கு 24 என்று நூறு பதிவு இருக்கலாம். ஆனால் 18க்கு 24, கறுப்பு மெல்லிய பீடிங், பச்சை மவுண்ட், கண்ணாடி இல்லை என்று தேடினால் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அவற்றில் எதன் பாக்கி கடைசிவரை அடிக்கப்படாமல் நிற்கிறதோ அதுதான் பெரும்பாலும் உங்கள் மாடியில் இருக்கும் படம். அப்பா எழுதிவைத்த பாக்கி, இப்போது ஓவியரின் பெயராக உங்களுக்குத் திரும்பி வருகிறது.

தேடத் தொடங்கும் முன் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். 1 முதல் 160 வரை போதும், சிக்கலான குறியீடு எதுவும் வேண்டாம். காகிதத்தில் வரைந்தது பிரேம் இல்லாமல் இருந்தால் பின்பக்கம் கீழ் ஓரத்தில் 2பி பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அது முன்பக்கம்வரை ஊறும் அல்லது தடம் பதிக்கும். பிரேம் போட்டதென்றால் பிரேமின் பின்சட்டத்தில் எழுதலாம். துணிக்குப் பருத்தி நூலில் அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று செல்போனில் படம் எடுங்கள். பின்பக்கத்தை எடுக்கத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பழைய கண்காட்சிச் சீட்டு, விலை, கல்லூரி முத்திரை, வகுப்பு எண், ஆசிரியர் போட்ட மதிப்பெண் எல்லாம் அங்கேதான் இருக்கும். பூச்சி அரித்த ஹார்ட்போர்டைக் கழற்றி எறியும் முன்னும் அதைப் படம் எடுத்துவிடுங்கள்.

நோட்டில் பெயர் கிடைத்ததும் அடுத்த வேலை ஆட்களைப் பார்ப்பது. கண்காட்சி வேலையைவிட இதற்கு அவசரம் அதிகம். 1980களில் கல்லூரியில் படித்தவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். நிறம் மங்கப் பல வருடம் ஆகும். ஒரு படத்தின் கதை தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால் அது ஒரே நாளில் ஊமையாகிவிடும். அதனால் 160 படங்களின் புகைப்படங்களையும் செல்போனில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் பத்துப் படத்தைக் காட்டினால் அவர் ஐந்தைப் பார்த்து "இது இன்னார் கைதான்" என்று சொல்லிவிடுவார். கோட்டின் போக்கைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் அனுமதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரும் சொன்னால் பட்டியலில் பெயரை எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் பென்சிலில் எழுதி, பக்கத்தில் யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று குறியுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில் நாங்கள் நடத்திய கண்காட்சியில் ஒரு வாட்டர் கலர் படத்தின் கீழே "ஓவியர் பெயர் தெரியவில்லை" என்று சீட்டு வைத்தோம். கையெழுத்து இல்லை, ஆவணம் இல்லை, நாங்களும் மேற்கொண்டு தேடவில்லை. இரண்டாம் நாள் வயதான அம்மா ஒருவர் வந்து அந்தப் படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "தம்பி, இது எங்க வீட்டுக்காரர் போட்டது. அந்தக் கிணத்தடி எங்க வீட்டுக் கிணத்தடி" என்றார். அவர் வீடு அந்தக் கூடத்திலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தது. நான்கு தெரு நடந்து விசாரிக்காமல் ஒரு மனிதரின் பெயரைத் தெரியவில்லை என்று அச்சடித்து வைத்திருந்தேன். அன்று மாலையே சீட்டை மாற்றினோம். அந்த அம்மாவின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்று. பட்டியலில் பெண்களின் பெயர்களைக் கொஞ்சம் கூடுதல் பொறுமையோடு தேடுங்கள். நம் ஊரில் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் இன்ஷியல், பின் கணவர் பெயரின் இன்ஷியல். 1985இல் ஒரு எழுத்தோடு கையெழுத்துப் போட்டவர் 1990இல் வேறு எழுத்தோடு போட்டிருப்பார். இரண்டு பேர் என்று நீங்கள் நினைப்பவர் ஒரே ஆளாக இருக்கலாம். பலர் கல்யாணத்தோடு தூரிகையை வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். அவர்களுடன் படித்தவர்களிடம் கேட்டால் தெரியும். முப்பது வருடம் கழித்து ஒரு பெண்ணுக்கு போன் போட்டு, "உங்கள் படம் பத்திரமாக இருக்கிறது, அதை மாட்டப்போகிறோம்" என்று சொல்லும் வேலையை யாரும் உங்களிடமிருந்து பறித்துக்கொள்ள விடாதீர்கள்.

சரி, இனி படங்களின் உடல்நிலை. மாடி அறை என்று எழுதியிருக்கிறீர்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் சித்திரையில் சூடு, ஐப்பசியில் ஈரம், இரண்டும் அங்கேதான் அதிகம். கீழ்த்தளத்தில், வெளிச்சுவரோடு ஒட்டாத உள்ளறை ஒன்றைப் படங்களுக்குக் கொடுங்கள். தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் பலகை போட்டு, அதன்மேல் படங்களை நிமிர்த்தி நிறுத்துங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். படத்துக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில்தான் காற்றும் போகும், கறையான் பாதை போட்டால் உங்கள் கண்ணும் போகும். பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாப்பதற்கென்று ரோமில் உள்ள இக்ரோம் என்ற அமைப்பு சின்ன அருங்காட்சியகங்களின் சேமிப்பறையை ஒழுங்குபடுத்த 'ரீ-ஆர்க்' என்று ஒரு முறையை வகுத்திருக்கிறது. 2011இல் அவர்கள் உலகம் முழுக்க எடுத்த கணக்கில், சேமிப்பில் இருக்கும் பொருள்களில் 60 சதவீதம் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. மாடி அறையை நினைத்து நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பூஞ்சை பிடித்த படங்களை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். வெயிலிலும் காயவைக்காதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்று சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க, நாலைந்து நாள் உலரவிடுங்கள். காய்ந்து பொடியானதும் வெளியே திறந்த இடத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு மிக மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். நிறம் உதிர்கிறது என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட காகிதத்தை இழுக்கவே வேண்டாம், அது பயிற்சி பெற்ற பழுதுநீக்குநர் கையால் ஆக வேண்டிய வேலை. பிரேமின் கீழே மஞ்சளாக மாவு கொட்டியிருந்தால் மரத்தில் துளைப்பூச்சி இருக்கிறது என்று பொருள். அந்தப் படத்தை பாலித்தீன் பையில் கட்டித் தனியே வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள். கறையானுக்கு அது பொருட்டே இல்லை, உங்கள் மூச்சுக்குத்தான் கெடுதல்.

தஞ்சாவூர் ஓவியங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலகைமேல் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசை, அதன்மேல் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவுப் பூச்சு, அதன்மேல் கல்லும் தங்கத் தகடும் என்று அடுக்கடுக்காகச் செய்வது அது. பசை பூச்சிக்குப் பிடித்த சாப்பாடு, மாவுப் பூச்சுக்குத் தண்ணீர் எதிரி. சாமி படம் என்று வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் துடைத்தே பாழாய்ப்போன படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். எண்ணெய் ஓவியத்தை உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று யாராவது சொல்வார்கள், அதையும் செய்ய வேண்டாம். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து நிறத்தின் வெடிப்பில் புகுந்து தங்கிவிடும், அடுத்த மழைக்காலத்தில் அதிலேயே பூஞ்சை முளைக்கும். அந்த ஐந்தாறில் ஏதாவது நூறு வருடத்துக்கு மேல் பழையது என்று தோன்றினால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி அதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி எதை மாட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கூடத்தில் நெருக்கமில்லாமல் 12 படங்கள் மாட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் வருடத்துக்கு 48. 160 படங்களையும் காட்டி முடிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். மூன்று வருடம் ஊருக்குக் காட்ட உங்களிடம் புதிதாக ஏதாவது இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"நல்ல படம்" என்று நீங்கள் நினைக்கும் பன்னிரண்டை மட்டும் முதலில் மாட்டிவிட்டால் இரண்டாவது கண்காட்சிக்கு மிச்சப் படம்தான் என்ற எண்ணம் உங்களுக்கே வந்துவிடும். ஒன்றோடொன்று பேசும் படங்களாகச் சேருங்கள். என் மனதில் இருக்கும் முதல் கண்காட்சியைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர்களில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து வரையாதவர் அநேகமாக இருக்க மாட்டார். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். குதிரைகள் இழுக்கும் தேர்போல அமைந்த அதன் முன்மண்டபமும், கையளவே உள்ள சிற்பங்கள் நிறைந்த தூண்களும் ஓவியம் பழகுகிறவர்களுக்குப் பாடப்புத்தகம். உங்கள் 160இல் தாராசுரம் நிச்சயம் ஏழெட்டாவது இருக்கும். ஒரே குதிரையை ஒருவர் பென்சிலில் நிழல் கொடுத்துச் செதுக்கியிருப்பார், இன்னொருவர் பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் முடித்திருப்பார், மூன்றாமவர் குதிரையை விட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அணிலை வரைந்திருப்பார். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். படம் பார்க்கத் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறவர்களும் அப்போது கை என்றால் என்ன, பார்வை என்றால் என்ன என்று தானாகப் பிடித்துக்கொள்வார்கள். பார்த்துவிட்டு அப்படியே தாராசுரம் போய் அந்தக் குதிரையைத் தேடுவார்கள். மிக அருகில்தானே இருக்கிறது.

அப்புறம் காவிரிப் படித்துறைகள், மகாமகக் குளம், பாத்திரப் பட்டறைகள், வெற்றிலைக் கொடிக்கால் என்று தலைப்புகள் தானாக வரும். மகாமகக் குளத்தைப் பல பத்தாண்டுகளில் பல பேர் வரைந்திருந்தால் அந்தக் கண்காட்சியை 2028 மகாமகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு சமயம் ஒரே ஓவியரின் படங்களை மட்டும் மாட்டலாம். இன்னொரு சமயம் ஓர் ஆசிரியரையும் அவரிடம் படித்தவர்களையும் சேர்த்து மாட்டலாம். சென்னை ஓவியக் கல்லூரியில் 1957 முதல் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் உடன் இருந்தவர்களும் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணி செய்து விற்றுத்தான் தூரிகைக்குக் காசு சேர்த்தார்கள். உங்களிடம் இருக்கும் பாத்திக் துணிகளைக் கைவினைப் பொருள் என்று தனியே ஒதுக்காமல், அதே ஓவியரின் படங்களோடு சேர்த்துத் தொங்கவிடச் சொல்வது அதனால்தான். சாப்பாட்டுக்குச் செய்ததும் மனசுக்குச் செய்ததும் ஒரே கைதான்.

வெளிச்சத்தில் கவனம் வேண்டும். வாட்டர் கலர், பேனா மை, துணி இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ்வரை போகலாம். லக்ஸ் அளக்க செல்போன் செயலிகள் உண்டு, தோராயமாகத் தெரிந்துகொள்ள உதவும். நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். 50 லக்ஸில் தினம் எட்டு மணி நேரம் காட்சிக்கு வைத்த படம் 250 நாளில் வாங்கும் வெளிச்சத்தை, ஜன்னல் வழியாக விழும் வெயிலில் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடும். உங்கள் கூடம் கடைத்தெருவைப் பார்த்தது என்பதால் காலை வெயிலோ மாலை வெயிலோ எந்தச் சுவரில் விழுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். அந்தச் சுவரில் எதுவும் வேண்டாம், ஓவியர்களைப் பற்றிய அறிமுகத்தை எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு முறை மாட்டிய காகிதப் படத்துக்கு அப்புறம் இரண்டு மூன்று வருடமாவது இருட்டில் ஓய்வு கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதப் படம் எதையும் மாட்ட வேண்டாம். அந்தச் சமயத்துக் கண்காட்சியை எண்ணெய் ஓவியத்துக்கு ஒதுக்குங்கள்.

மாட்டுவது உங்களுக்குக் கைவந்த வேலை, பிரேம் கடைப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 செ.மீ.இல் வரட்டும், பள்ளிப் பிள்ளைகள் வரும் மாதம் அதையும் கொஞ்சம் இறக்குங்கள். ஒன்று மட்டும். பிரேமுக்குப் பத்தவில்லை என்று படத்தின் ஓரத்தை வெட்டுவது நம் கடைகளில் உள்ள பழக்கம். இனி உங்கள் கூடத்தில் அது நடக்கவே கூடாது.

பெயர்ச் சீட்டைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். ஓவியர் பெயர், ஊர், வருடம், எதில் வரைந்தது, அளவு. அதன்கீழ் மூன்றே வரி. அந்த மூன்று வரியில் "ஆழ்மன வெளிப்பாடு" போன்ற வார்த்தைகள் வேண்டாம். அவர் எந்தப் பள்ளியில் வேலை பார்த்தார், இதை எங்கே உட்கார்ந்து வரைந்தார், உங்கள் அப்பாவிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள். "1987 பங்குனியில் பிரேம் போடக் கொடுத்தார், நாற்பது ரூபாய் பாக்கி" என்று நோட்டில் இருந்தால், ஓவியரோ குடும்பமோ சம்மதித்தால் மட்டும் அதையும் எழுதலாம். கடன்பட்டவர் என்று ஒருவரைச் சுவரில் எழுதிவைப்பது போல ஆகிவிடக்கூடாது.

அனுமதி விஷயத்தில் படங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்பா காசு கொடுத்து வாங்கியவை, அன்பளிப்பாக வந்தவை, விட்டுப்போனவை. முதல் இரண்டும் உங்கள் குடும்பத்துச் சொத்து. விட்டுப்போனவை எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் கொடுத்தவருடையவை என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். அவரையோ வாரிசையோ கண்டுபிடித்து, திரும்ப வேண்டுமா, கண்காட்சிக்கு இரவல் தருகிறீர்களா, கூடத்துக்கே கொடுத்துவிடுகிறீர்களா என்று கேட்டு, பதிலை ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள். திரும்பக் கேட்டால் பாக்கியைப் பற்றிப் பேசாமல் கொடுத்துவிடுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் "உங்கள் அப்பா காப்பாற்றியது, அங்கேயே இருக்கட்டும்" என்றுதான் சொல்வார்கள்.

படம் உங்களுடையது என்றாலும் பதிப்புரிமை ஓவியருடையது என்பதையும் மனதில் வையுங்கள். எழுத்தில் மாற்றிக்கொடுக்காதவரை அது அவரிடமே இருக்கும், அவர் காலத்துக்குப் பிறகு 60 வருடம் வாரிசுகளிடம் இருக்கும். அதனால் இணையத்தில் போடுவது, வாழ்த்து அட்டையாகவோ காலண்டராகவோ அச்சடிப்பது எல்லாவற்றுக்கும் அதே தாளில் தனித்தனியே சம்மதம் வாங்கிவிடுங்கள். படத்தைச் சிதைக்காமல் வைத்திருக்கும் பொறுப்பும் உங்களுக்கு உண்டு. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிச் சேதப்படுத்தி வைத்ததற்காக அவர் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அந்தச் சிற்பத்தை வைத்திருந்தது மத்திய அரசு. அரசாங்கத்துக்கே அந்தப் பொறுப்பு உண்டு என்றானது.

தம்பி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் இடமும் பணமும் நெருக்கடியாக இருந்தால் விற்பதில் தப்பில்லை. ஆனால் பெயர் தெரியாத 160 படங்களை மொத்தமாகக் கேட்பவர் பிரேம் விலைக்குத்தான் கேட்பார். ஒரு வருடம் பொறுத்து, பட்டியல் முடிந்த பிறகு, வாங்கியதற்குக் கணக்கு உள்ளவற்றில் மட்டும் எவற்றைக் கொடுக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதற்குள் தம்பியையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓவியர் வீடுகளுக்குக் கூட்டிப்போங்கள்.

மக்கள் வருவார்களா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கவலை உங்களுக்கு இருக்கும். முதல் நாள் திறப்புக்கு ஊர்ப் பெரியவர்களைவிட, அந்தப் பன்னிரண்டு படங்களின் ஓவியர்களையும் அவர்கள் குடும்பத்தையும் கூப்பிடுங்கள். ஓர் ஓவியருக்குப் பத்துப் பேர் வந்தால் கூடம் கொள்ளாது. ஓவிய ஆசிரியர் என்றால் அவரிடம் படித்த பாதி ஊர் வரும். அரசு கவின் கலைக் கல்லூரிக்குப் போய் இந்தப் பட்டியல் வேலையில் உதவ மாணவர்கள் கிடைப்பார்களா என்று கேளுங்கள். தங்களுக்கு முன்னால் அதே வகுப்பறையில் உட்கார்ந்தவர்களின் படங்களைக் கையில் எடுத்துப் பார்ப்பது அவர்களுக்கு எந்தப் பாடத்திலும் கிடைக்காது. வந்த கூட்டம் பெரிதா சின்னதா என்று எண்ண வேண்டாம், யார் எந்தப் படத்தின் முன் நின்று என்ன சொன்னார்கள் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு வையுங்கள். உங்கள் பட்டியலில் பென்சிலில் இருக்கும் பெயர்கள் மைக்கு மாறுவது அந்த நோட்டால்தான்.

இன்னொரு யோசனையும் உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2021இல் ஓர் அருங்காட்சியகம் தன் சேமிப்புக் கிடங்கையே மக்கள் பார்க்கத் திறந்துவிட்டது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள், எல்லாம் அடுக்கில் இருக்கும்போதே பார்க்கலாம். உங்கள் உள்ளறைக் கதவுக்குக் கண்ணாடி போட்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நாலைந்து பேரை மட்டும் உள்ளே விட்டு, அவர்கள் கேட்கும் எண்ணை எடுத்துக் காட்டலாம். பட்டியலில் 87 என்றால் 87 இருக்கும் இடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. அப்பாவின் வேலை மேசை இன்னும் இருந்தால் அதையே அந்த அறையில் போடுங்கள். எடுத்த படத்தை வைத்துக் காட்ட அதைவிடச் சரியான மேசை கிடைக்காது.

நோட்டு மூட்டையைப் பிரித்ததும், ஆண்டு தெரிகிற பழைய நோட்டு ஒன்றின் ஒரு பக்கத்தையும், நீங்கள் எண் போட்ட முதல் பத்துப் படங்களின் பின்பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அளவையும் பாக்கியையும் ஒத்துப் பார்ப்பதை முதல் முறை சேர்ந்தே செய்வோம். மீதி 150 உங்களுக்குக் கைவந்துவிடும்.